ஊர் ஊராக ஒரு வகுப்பு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு பேத்திக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கற்றுக்கொடுக்கும் பொறுமை உனக்கு எப்போதுமே உண்டு. அதனால்தான் உன் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன்: நேரில் பார்க்காத மாணவர்களை வைத்துக்கொண்டு நகர எரிசக்திப் பாடத்தை எப்படி நடத்துகிறாய், அவர்கள் எப்படி ஒரு கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்று கேட்டிருந்தாய்.

இந்தப் பாடத்துக்கு இணையவழிதான் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே அறையில் அறுபது பேர் உட்கார்ந்தால், அந்த அறுபது பேருக்கும் தெரிந்தது ஒரே நகரம். இங்கே அப்படி இல்லை. ஒருவரின் ஊரில் கோடை இரவில் ஏசி ஓடும்போது மின்தேவை உச்சத்துக்குப் போகிறது. இன்னொருவரின் ஊரில் குளிர்காலக் காலையில், ஹீட்டர்களால். இந்த இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் என் பாடக்குறிப்பில் கிடையாது. அவர்கள் பேச ஆரம்பித்தால் நான் ஒதுங்கி நின்று கேட்பேன்.

முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே வேலை. அவரவர் வீட்டு மீட்டரைப் பார்த்து மணிக்கு மணி குறித்து, ஒரு நாளின் வரைபடமாகப் போட வேண்டும். கிலோவாட்டுக்கும் (மின்சாரத்தை இழுக்கும் வேகம்) கிலோவாட் மணிக்கும் (மொத்தம் செலவான மின்சாரம், அதாவது யூனிட்) உள்ள குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். அதை நான் வேண்டுமென்றே உடனே தீர்ப்பதில்லை. 2 கிலோவாட் மின்கெட்டிலை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மும்மூன்று நிமிடம் ஓட்டினால் ஆண்டுக்கு 73 யூனிட். இருபத்து நான்கு மணி நேரமும் அணையாமல் இருக்கும் 10 வாட் ரவுட்டருக்கு 87.6 யூனிட். இதை யாராவது ஒரு மாணவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. நான் பத்து தடவை சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். மணிக்கணக்கு மீட்டர் அளவு ஒரு வீட்டின் நடமாட்டத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். எப்போது தூங்குகிறார்கள், எந்த நாளில் வீடு பூட்டியிருக்கிறது எல்லாம் தெரியும். அதனால் தேதியை நீக்கி, சில வாரம் கழித்துத்தான் பகிர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் உண்மையான எண்ணைக் கொண்டுவர மாட்டார்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் பெரும்பகுதி மின்சாரமாகாமல் வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது என்பது உனக்குத் தெரியாததா! கோபன்ஹேகனில் அந்த வெப்பத்தைக் குழாய் வழியாக வீடுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். நகரத்தின் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களும் அந்த வலையமைப்பில் இருக்கின்றன. இதைப் படித்ததும் வெப்பமான ஊரிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "எங்களுக்கு இந்தச் சூடு எதற்கு?" நியாயமான கேள்வி. பதில் என்னிடமிருந்து வரவில்லை. மருத்துவமனை ஒன்றின் பிளான்ட் ரூமில், அதாவது இயந்திர அறையில், வேலை பார்க்கும் இன்னொரு மாணவர், வெப்பத்தைக் கொண்டே குளிரூட்ட முடியும் என்று, அப்படிக் குளிரூட்டும் அப்சார்ப்ஷன் சில்லர் என்ற இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் படம் வரைந்து விளக்கினார். வேறொருவர் டொரண்டோவைக் கொண்டுவந்தார். அங்கே 2004 முதல் ஒன்டாரியோ ஏரியின் ஆழத்திலிருந்து சுமார் 4 டிகிரி குளிர்ந்த நீரை எடுத்து, அதன் குளிர்ச்சியை நகர மையத்துக் கட்டடங்களுக்குக் கொடுத்துவிட்டு, அதே நீரைக் குடிநீராகவும் அனுப்புகிறார்கள். பக்கத்தில் ஆழமான ஏரி இல்லாத நகரம் என்ன செய்யும் என்று பேச்சு அப்படியே நீண்டது. அந்த வாரம் நான் நடத்த நினைத்திருந்த பாடம் முழுவதும் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

எத்தனை பேர் என்று கேட்காதே. எண்ணிக்கையில் எனக்கு மயக்கம் இல்லை. 2008ல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்சும் ஸ்டீபன் டௌன்சும் நடத்திய இணைய வகுப்பில் கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். வெளியிலிருந்து இலவசமாகச் சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். 2011ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். பதிவு செய்வது சுலபம். தங்குவதற்கு, தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற எண்ணம் வேண்டும்.

அதற்கு மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையல்காரர்களிடம் பார்த்த ஒரு விஷயம் எனக்கு உதவியது. அங்கே புதிதாகச் சேரும் பையன் துணி வெட்டுவதிலிருந்து தொடங்குவதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது போன்ற கடைசி வேலைகளில் தொடங்கி, படிப்படியாக வெட்டுக்கு வருகிறான். சிறிய வேலைதான், ஆனால் நிஜமான சட்டைக்கான வேலை. நாங்களும் புதிதாக வருபவருக்கு இன்னொருவரின் அட்டவணையில் அலகுகள் சரியா என்று பார்க்கும் வேலையைக் கொடுக்கிறோம். ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தாலும் அந்த அட்டவணையில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. அடுத்த வாரம் தன் அட்டவணையோடு அவராகவே வருவார். பேசாமல் படிக்கிறவர்களையும் நான் தொந்தரவு செய்வதில்லை.

எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது வேறு. பருவம் முடிந்ததும் வகுப்பின் கதவைச் சாத்திவிடுவதுதான் பல்கலைக்கழக வழக்கம். ஆனால் ஒரு நகரத்தின் ஆண்டு நான்கு மாதத்தில் முடிவதில்லையே. கோடையில் படித்தவருக்கு அவர் ஊரின் குளிர்காலம் தெரியாது. அதனால் பழைய மாணவர்களைக் குழுவிலேயே இருக்கச் சொன்னேன். மதிப்பெண் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும் பலர் இருந்தார்கள். சென்ற தொகுதி மாணவர்கள் குறித்துவைத்த குளிர்கால வரைபடங்களை இந்தத் தொகுதி மாணவர்கள் தங்கள் கோடைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். எழுதியவரே பக்கத்தில் இருந்து, அந்த நாள் ஏன் அப்படி ஏறியது என்று சொல்கிறார்.

சரி, நான் இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. மின் நிலையங்களின் உற்பத்தியையும் ஊரின் தேவையையும் சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் இரவு பகலாக நீ பார்த்ததை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஒரு நகரத்தின் தேவை திடீரென ஏறும்போது எந்த நிலையத்தை முதலில் கூப்பிடுவாய், எதற்காகக் காத்திருப்பாய், எந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரை எப்போது நிறுத்துவாய் என்பதெல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது. மாதம் ஒரு மாலை வந்து பேசு. ஸ்லைடு எதுவும் தயாரிக்க வேண்டாம். நோட்டில் கைப்பட வரைந்து வைத்திருந்தாயே, மின்தேவையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அந்த லோடு கர்வ்களை மட்டும் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பு; மாணவர்கள் கேள்விகளோடு வருவார்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு திரையைப் பார்க்கச் சிரமமாக இருந்தால் குரல் மட்டும் போதும். அடுத்த மாதத்தில் உனக்கு எந்தக் கிழமை தோதுப்படும் என்று எழுது, நான் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்