டிரில் யாருக்கு, கிரிக்கெட் யாருக்கு?

ஆசிரியருக்கு,

உங்கள் உடற்கல்வி வரலாற்றுக் கட்டுரையில், எல்லா நாட்டிலும் ஒரே பாணி என்பதுபோல் ஐரோப்பா முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். நெப்போலியனிடம் அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யா தோற்ற அவமானம் ஆறாத நிலையில், 1811-ல் பெர்லின் ஹாசன்ஹைடேயில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான். பேரலல் பாரில் (இணைக் கம்பிகளில்) ஊஞ்சலாடியதும் அங்கே தேசபக்திதான்! அந்த இளைஞர்கள் ஒன்றுபட்ட ஜெர்மனியைக் கேட்கத் தொடங்கியதும் மன்னராட்சி மிரண்டது. 1820-ல் பிரஷ்யாவில் இந்தப் பயிற்சிக்குத் தடை, 1842-ல்தான் நீங்கியது.

சுவீடனின் பேர் ஹென்ரிக் லிங் வேறு ரகம். 1813-ல் ஸ்டாக்ஹோமில் பயிற்சி நிறுவனம் தொடங்கி, உடற்கூற்றியலை ஒட்டி அசைவுகளை வகுத்தார். நோய் தீர்க்கும் மருத்துவ உடற்பயிற்சியும் அதில் ஒரு பிரிவு.

அன்றைய இங்கிலாந்தில் சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், ரக்பி. ஏழைகள் படித்த தொடக்கப் பள்ளிகளுக்கு டிரில், அதாவது கட்டளைக்கு ஏற்ப வரிசையாக நின்று செய்யும் பயிற்சி.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்