குஸ்குஸை ஆவியில்தான் அவிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் சமையல் பக்கத்தில் வெளியான ஆட்டிறைச்சி குஸ்குஸ் செய்முறையை வாசித்தேன். குஸ்குஸ் என்பது கோதுமை ரவையைச் சிறு மணிகளாக உருட்டிச் செய்யும் வட ஆப்பிரிக்க உணவு. பாக்கெட் குஸ்குஸின் மேல் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, தனியாகச் சமைத்த இறைச்சிக் கறியைச் சேர்த்தால் முடிந்தது என்கிறது அது. அவசரத்துக்கு அது போதும், பசியும் ஆறும். ஆனால் அதற்கு 'மொரோக்கோவின் பாரம்பரிய முறை' என்று தலைப்பிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பாரிஸ் புறநகரில், அல்ஜீரியர்களும் மொரோக்கோக்காரர்களும் நிறைந்த அடுக்குமாடியில் குடியிருப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கீழ்ப் பானையில் இறைச்சியும் மரக்கறியும் கொதிக்க, அந்த ஆவியிலேயே மேலே துளையிட்ட பானையில் இருக்கும் குஸ்குஸ் அவிய வேண்டும். கறியின் வாசம் மணிகளுக்குள் ஏறுவது அப்படித்தான். பாக்கெட்டில் வருவது தொழிற்சாலையிலேயே அவித்துக் காயவைத்தது. அதனால்தான் கொதிநீர் பட்டதும் ஊறிவிடுகிறது. அதையும்கூட ஆவியில் வைத்தால் ருசியே வேறு.

எங்கள் பக்கத்து வீட்டு அல்ஜீரிய அம்மா சமைப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அகன்ற தட்டில் மணிகளைக் கொட்டி, எண்ணெய் விட்டு, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே உரசி உரசி விழவிடுவார். பிறகு தண்ணீர் தெளித்து மேல் பானையில் போடுவார். இரண்டு பானைகளும் சேரும் இடத்தில் மாவுக் கரைசலில் நனைத்த துணிப்பட்டியை இறுக்கிச் சுற்றுவார், பக்கவாட்டில் ஆவி கசியாதிருக்க. ஆவி மேலே வந்த பின் கால் மணி நேரம். மறுபடி தட்டில் கொட்டி, சூட்டோடு கட்டிகளை உதிர்த்து, உப்புத் தண்ணீர் தெளித்துத் திரும்பவும் பானைக்கு. மூன்று தடவை இப்படி நடக்கும். கடைசியில் வெண்ணெய். பிட்டு அவித்துப் பழகிய கைகளுக்கு இந்தப் பக்குவம் உடனே பிடிபடும்.

மரக்கறிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னதும் தவறு. எலும்போடு கூடிய இறைச்சியும் முதல் நாளிரவே ஊறவைத்த கொண்டைக்கடலையும்தான் முதலில் வேக வேண்டும். இறைச்சி பாதி வெந்த பிறகு கரட், டர்னிப், கோவா (முட்டைக்கோஸ்). பூசணியும் சுக்கினியும் கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும். இல்லையென்றால் கரைந்து சாறு கூழாகிவிடும். மிளகாய்த்தூளும் கறித்தூளும் எதற்கு என்று புரியவில்லை. மொரோக்கோ வீடுகளில் இஞ்சி, மிளகு, மஞ்சள், கறுவா, வசதிப்பட்டால் குங்குமப்பூ. உறைப்பு வேண்டியவர்கள் துனிசியாக்காரர்களைப் போல ஹரிஸா என்னும் மிளகாய் விழுதைச் சேர்க்கலாம்.

2020 டிசம்பரில் அல்ஜீரியா, மொரோக்கோ, துனிசியா, மொரிட்டானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து குஸ்குஸை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றின. அதில் இடம்பெற்றது அதைச் செய்யும் அறிவும் உண்ணும் வழக்கங்களும். அடுத்த ஆண்டே அல்ஜீரியா மொரோக்கோவுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டது என்பதை நினைத்தால், அந்தக் கூட்டு விண்ணப்பத்தின் அருமை விளங்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் குடும்பம் முழுவதும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் உணவு இது. அதன் செய்முறையைச் சொல்லும்போது நாமும் சற்று அக்கறை காட்ட வேண்டாமா?

குஸ்குஸ் பானை இல்லாத வீடுகளில், கறிப் பானையின் வாயில் சரியாகப் பொருந்தும் வடிதட்டில் மெல்லிய துணி விரித்து அவிக்கலாம். தட்டின் அடியில் சாறு தொடக்கூடாது, அவ்வளவுதான். பரிமாறும்போது இறைச்சியை நடுவிலும் மரக்கறியைச் சுற்றியும் வைத்து, கொஞ்சம் சாறு ஊற்றி, மீதியைத் தனிக் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும்.

அடுத்த இதழில் திருத்திய செய்முறையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சமைக்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்பதையும் அதில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாரிஸ்