தரவரிசையோடு புள்ளிகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டத்தின் விதிகளை இவ்வளவு தெளிவாக யாரும் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை. நன்றி. ஆனால் கட்டுரையாளர் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய அணிகள் வரிசையாக அதிர்ச்சித் தோல்வி அடையும் வாரத்தில், மறுநாள் வரப்போகும் தரவரிசையைக் கணிப்பது குருட்டாம்போக்கு வேலையாம். அதை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

நான் கருவூலத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை சனிக்கிழமை என்றால் இந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. ஆட்டங்கள் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு தாளிலும் நான் ஒரு தாளிலும் 25 அணிகளை வரிசையாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். ஞாயிறு மதியம் எங்கள் நேரம் 1 மணிக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியல் வரும். யாருடைய தாள் அதிகம் விலகியிருக்கிறதோ அவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். மாப்பிள்ளையைப் பாத்திரம் கழுவ வைக்கிறாளே என்று ஊரில் சொந்தக்காரர்கள் முணுமுணுக்கிறார்களாம். அவர் தோற்றுக்கொண்டே இருந்தால் நான் என்ன செய்ய?

அவர் தோற்பதற்குக் காரணம் உண்டு. எந்த அணி உண்மையில் பலமானது என்று அவர் யோசிக்கிறார். வாக்களிக்கிறவர்களின் கை எங்கே போகும் என்று நான் யோசிக்கிறேன்.

இந்தப் பட்டியலுக்கான வாக்கெடுப்பு 1936-இல் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 60 விளையாட்டுச் செய்தியாளர்களும் ஒலிபரப்பாளர்களும் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 24, இப்படியே இறங்கி 25-ஆம் இடத்துக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல். இதில் எங்கள் அலுவலகத்துக்காரர்களுக்கு உடனே பிடிபடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில், ஒரு பந்துகூட வீசப்படாத நிலையில், முதல் பட்டியல் வந்துவிடுகிறது. அதுதான் தொடக்க இருப்பு. அதன் பிறகு வாரா வாரம் வரவும் செலவும் அந்த இருப்பின் மேல்தான் எழுதப்படுகின்றன. சனிக்கிழமை நள்ளிரவு வரை ஆட்டம் பார்த்துவிட்டு ஞாயிறு காலை சீட்டு அனுப்ப வேண்டிய செய்தியாளர், வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்காருவதில்லை. போன வாரத்துச் சீட்டை எடுத்துத் திருத்துகிறார். அந்தத் திருத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

2024 அக்டோபர் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அலபாமா முதலிடம், டென்னசி 4, மிசௌரி 9, மிச்சிகன் 10, யுஎஸ்சி (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 11. இரவுக்குள் ஐந்தும் தோற்றன. அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது எங்கள் ஊர் வாண்டர்பில்ட். 1984-க்குப் பிறகு அலபாமாவை அது வென்றது அன்றைக்குத்தான். மாணவர்கள் மைதானத்துக்குள் இறங்கி, கோல் கம்பத்தைப் பிடுங்கி, பிராட்வே தெரு வழியாகத் தோளில் சுமந்துபோய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த என் மகள் அந்தக் கூட்டத்தில் காரோடு மாட்டிக்கொண்டாள்.

இப்படி ஐந்து அணிகள் சாய்ந்த இரவில் கணிப்பது கஷ்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு இதுவே சுலபமான வாரம். தோற்றவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியே வைத்தேன். மிச்சமிருப்பவர்களைப் பழைய வரிசை கலையாமல் மேலே நகர்த்தினேன். டெக்சஸ் அன்று ஆடவே இல்லை, 2-இலிருந்து 1. (அதற்கு முந்தைய வாரம் மிசிசிப்பி ஸ்டேட்டை 35-13 என்று வென்றும் முதலிடத்தை அலபாமாவிடம் பறிகொடுத்தது இதே டெக்சஸ்தான். ஜெயித்த வாரம் இறங்கியது, சும்மா இருந்த வாரம் ஏறியது.) ஒஹாயோ ஸ்டேட் 3-இலிருந்து 2. அடுத்து 5-ஆம் இடத்து ஜார்ஜியா வர வேண்டும். ஆனால் அதன் பெயரில் ஏற்கெனவே ஒரு தோல்வி இருந்தது. பின்னால் நின்ற ஆரிகனும் பென் ஸ்டேட்டும் தோல்வியே காணாதவை. மேலே இடம் காலியாகும்போது வாக்காளர்கள் தோல்வி காணாதவர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். ஆகவே ஆரிகன் 3, பென் ஸ்டேட் 4, ஜார்ஜியா இருந்த இடத்திலேயே 5.

மயாமி 8-ஆம் இடத்தில் இருந்தது. கலிஃபோர்னியா அணியிடம் 10-35 என்று பின்தங்கிக் கிடந்து, கடைசியில் 39-38 என்று தப்பியது. அந்த ஆட்டம் முடியும்போது எங்களுக்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. கிழக்குக் கரை வாக்காளர்களில் எத்தனை பேர் விழித்திருந்து பார்த்தார்களோ! ‘மயாமி வென்றது’ என்ற ஒரு வரிதான் காலையில் கண்ணில் படும் என்று கணக்குப் போட்டு 6-இல் எழுதினேன். மாப்பிள்ளை, “இப்படித் தட்டுத்தடுமாறி ஜெயிச்சவங்களை மேலே ஏத்தவா செய்வாங்க?” என்று 10-இல் போட்டார். ஏற்றினார்கள், 6-ஆம் இடத்துக்கு.

அப்புறம் தனியே வைத்த ஐந்து பேர். அலபாமா 7, டென்னசி 8 என்று எழுதினேன். மாப்பிள்ளை அலபாமாவை ஜார்ஜியாவுக்கு மேலே வைத்தார். சரியாக ஏழு நாளைக்கு முன்னால்தான் அலபாமா ஜார்ஜியாவை 41-34 என்று வென்றிருந்தது. இரண்டுக்கும் இப்போது ஒரே ஒரு தோல்வி. நேருக்கு நேர் மோதலில் வென்ற அணி கீழே போகலாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் ஜார்ஜியாவின் தோல்வி ஒரு வாரம் பழசு, அலபாமாவின் காயம் அன்றைக்கே பட்டது. ஞாயிறு மதியம் வந்த பட்டியலில் ஜார்ஜியா 5, அலபாமா 7. நியாயம் அவர் பக்கம் இருந்தது, பட்டியல் என் பக்கம் வந்தது.

மிசௌரி டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-10 என்று நொறுங்கிப்போனதால் 21-ஆம் இடத்துக்கு விழுந்தது. ஏ அண்ட் எம் 25-இலிருந்து 15-க்குத் தாவியது. மிச்சிகன், யுஎஸ்சி இரண்டுக்குமே அது இரண்டாவது தோல்வி. மிச்சிகன் 24-இல் தொங்கிக்கொண்டது, யுஎஸ்சி வெளியே போனது. இந்த வித்தியாசத்துக்கும் விளக்கம் உண்டு: செப்டம்பரில் மிச்சிகன் யுஎஸ்சியை வென்றிருந்தது.

இந்த ஊரில் பலருக்கும் வயிற்றெரிச்சல் வாண்டர்பில்ட் விஷயத்தில்தான். “அத்தை, நம்பர் ஒன்னை ஜெயிச்சவங்களுக்கு இருபதாவது இடம்கூடவா தரமாட்டாங்க?” என்று மாப்பிள்ளை கேட்டார். “தரமாட்டார்கள் மாப்பிள்ளை. ஜார்ஜியா ஸ்டேட்டிடம் தோற்றது கணக்கில் நிற்கிறதே” என்றேன். அந்த வாரம் வாண்டர்பில்ட் 25-க்குள் வரவில்லை. இன்னும் இரண்டு வெற்றிகள் சேர்ந்த பிறகு, அதே மாதம் 20-ஆம் தேதிப் பட்டியலில்தான் 25-ஆவதாக உள்ளே வந்தது. ஆகஸ்டில் அதற்குத் தொடக்க இருப்பு என்று எதுவுமில்லை. அலபாமாவுக்கு இருந்தது. முதலிடத்திலிருந்து தோற்ற அணி ஏழாவது, அதைத் தோற்கடித்த அணி பட்டியலிலேயே இல்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. செப்டம்பர் முடியும்வரை பட்டியலே வெளியிடக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அநியாயம் ஒழுங்காக ஒரே திசையில் நடந்தால் அதைக் கணிப்பது எளிது.

தோல்வி எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளும் என்பதற்கும் இருப்புதான் பதில். 2007-இல் 5-ஆம் இடத்து மிச்சிகன், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 34-32 என்று தோற்றது. அடுத்த பட்டியலில் மிச்சிகனின் பெயரே இல்லை. 2024 செப்டம்பரில் அதே 5-ஆம் இடத்தில் இருந்த நோட்டர்டேம், நார்தர்ன் இலினாயிடம் சொந்த மைதானத்தில் 16-14 என்று தோற்று 18-க்கு வந்தது. அவமானம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நோட்டர்டேமிடம் முந்தைய வாரம் ஏ அண்ட் எம் ஊருக்கே போய் வென்ற 23-13 இருந்தது. மிச்சிகனிடம் எதுவும் இல்லை. அந்த நோட்டர்டேம்தான் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் வரை போனது.

இனி, கட்டுரையில் திருத்த வேண்டிய ஒன்று. பத்திரிகையாளர் பட்டியலையும் பிளேஆஃப் எனப்படும் கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழுவின் பட்டியலையும் கட்டுரையாளர் ஒன்றாகவே எழுதியிருக்கிறார். இரண்டும் வேறு. குழுவில் 13 பேர். நவம்பர் பிறந்த பிறகுதான் அவர்கள் வேலை தொடங்குகிறது, செவ்வாய் இரவுகளில் முடிவு வரும், கடைசிப் பட்டியல் மட்டும் ஞாயிறன்று. ஒரே அறையில் கூடி உட்கார்ந்து, அணிகளைச் சிறு சிறு தொகுதிகளாக எடுத்துப் பேசி வாக்களிக்கிறார்கள். போன வாரத்துப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்பது அவர்கள் வாதம். 2014 டிசம்பரில் அதை நடத்தியும் காட்டினார்கள். 3-ஆம் இடத்தில் இருந்த டிசியூ (டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்) கடைசி ஆட்டத்தில் அயோவா ஸ்டேட்டை 55-3 என்று துவைத்து எடுத்தது. மறுநாள் 6-ஆம் இடம். விஸ்கான்சினை 59-0 என்று வென்ற ஒஹாயோ ஸ்டேட், அன்று நான்கு அணிகளுக்கே இடமிருந்த பிளேஆஃபுக்குள் 4-ஆவதாகப் போய்க் கோப்பையையே தூக்கியது. தோற்றவர்களை எடுத்துவிட்டு மற்றவர்களை நகர்த்தும் என் முறை இங்கே செல்லாது.

குழு வருவதற்கு முன்பும் கடைசி வாரம் தனி ரகம்தான். 2007 டிசம்பர் 1 அன்று முதலிடத்து மிசௌரியும் இரண்டாம் இடத்து மேற்கு வர்ஜீனியாவும் ஒரே இரவில் தோற்றன. அப்போது வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்குகளையும் கலந்து ‘பிசிஎஸ்’ என்ற வரிசை இருந்தது. 3-இல் இருந்த ஒஹாயோ ஸ்டேட் முதலிடம் போனது. 4-இல் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருந்த ஜார்ஜியா இரண்டாவதாக ஏற வேண்டும். ஏறவில்லை. தன் வட்டாரப் பிரிவிலேயே முதலிடம் பிடிக்காத அணியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்புவதா என்று வாக்காளர்கள் யோசித்தார்கள். 7-இல் இருந்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) ஒரே தாவலில் 2-க்கு வந்து, இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 38-24 என்று வென்றது. அக்டோபரில் இப்படிப்பட்ட யோசனை யாருக்கும் வருவதில்லை. கோப்பை கண்ணுக்குத் தெரியும்போதுதான் வருகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். கட்டுரையோடு நீங்கள் போட்ட பெட்டியில் வரிசை எண்ணும் அணியின் பெயரும் மட்டும் இருந்தன. பக்கத்திலேயே ஒவ்வோர் அணியும் பெற்ற மொத்தப் புள்ளிகளையும் போடுங்கள். 60 பேர் வாக்களிக்கும் இடத்தில் எல்லோரும் ஒரு படி இறக்கினால் 60 புள்ளி போகும். 6-க்கும் 7-க்கும் நடுவே 5 புள்ளிதான் என்றால் அவை இடம் மாற ஆட்டமே வேண்டாம். மூன்று பேர் மனம் மாறி இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் போதும். 150 புள்ளி இடைவெளி என்றால் மேலே இருப்பவர் தோற்றாலொழிய அசையமாட்டார். இது தெரியாமல் வரிசை எண்ணை மட்டும் பார்த்துக் கணித்தால் அது குருட்டாம்போக்குதான், கட்டுரையாளர் சொன்னது சரி. 25-க்குக் கீழே ‘வாக்குகள் பெற்ற பிற அணிகள்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். இடமில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள். அடுத்த வாரம் உள்ளே நுழையப்போகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரியில்தான் நிற்கிறார்கள்.

பட்டியல் இந்திய நேரப்படி ஞாயிறு இரவு 11.30-க்கு வருகிறது. நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 12.30 ஆகிவிடும். திங்கள் இதழுக்குக் கைக்கு எட்டாவிட்டால் செவ்வாய்க்கிழமை போடலாம். தேர்வுக் குழுவின் பட்டியல் உங்களுக்குப் புதன் காலைதான் கிடைக்கும். அதற்கு வேறு பெட்டி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர்,
நாஷ்வில், டென்னசி