சுருள்முடிப் பிள்ளைக்கு எண்ணெய் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மகளிர் பக்கத்தில் வரும் கூந்தல் குறிப்புகள் எல்லாம் நேரான, மிஞ்சினால் கொஞ்சம் நெளிந்த முடிக்கானவை. தாய் தமிழ், தகப்பன் ஜமேக்காவோ கானாவோ என்று பிறந்த பிள்ளைகளும் லண்டனில் நம் வீடுகளில் வளர்கிறார்கள். அவர்களின் சுருள்முடித் தலையில் வழக்கப்படி எண்ணெய் தேய்த்து, காய்ந்த முடியில் சீப்பைப் போட்டுத் தலை இழுத்தால் பிள்ளை அழும், முடியும் முறியும். பிறகு பழி முடிமேல் விழும். பிழை நாம் செய்யும் வரிசையில் இருக்கிறது.

தலைத்தோலில் சுரக்கும் பசை நேர்முடியில் நுனிவரை வழிந்து இறங்கும். சுருளில் வளைவுக்கு வளைவு தங்கிவிடும். அதனால்தான் அடிமுடி பிசுபிசுத்தாலும் நுனி வறண்டு கிடக்கிறது. ஈரம் வருவது தண்ணீரால். எண்ணெய் அதைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். காய்ந்த முடியில் எண்ணெய் பூசுவது வெறும் பானைக்கு மூடி போடுவது.

அதற்காக அம்மம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எறிந்துவிடாதீர்கள். முடிக்குள்ளே ஊறக்கூடிய எண்ணெய் அது. தலைமுழுக அரை மணி நேரம் முன்பு பூசினால், கழுவும்போது முடி புரதத்தை இழப்பது குறையும். முழுகிய பின் தடிப்பாக அப்பினால் சில பிள்ளைகளுக்கு முடி விறைத்துப்போகும்.

முழுக்கு 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை போதும். முடியை 4 பாகமாக, அடர்த்தி என்றால் 8 ஆகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும். பிறகு முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே பாகத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கொண்டிஷனர் பூசி, முதலில் விரலாலும் அடுத்து அகலப்பல் சீப்பாலும் சிக்கெடுங்கள். நுனியில் 2 அங்குலம். அது விட்டதும் அதற்கு மேல் 2 அங்குலம். சிக்குக்கு மேலே முடியை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தால் இழுவை தலைத்தோலுக்குப் போகாது. ‘டிக் டிக்’ என்று கேட்டால் முடி அறுகிறது என்று அர்த்தம். சீப்பை நிறுத்தி இன்னும் தண்ணீரும் கொண்டிஷனரும் வையுங்கள்.

அலசியபின் துவாயால் துவட்டாமல் பழைய பருத்தி ரீ-ஷேர்ட்டால் ஒற்றுங்கள். ஈரம் போகுமுன் கழுவத் தேவையில்லாத கிறீம், அதன்மேல் நாலைந்து துளி எண்ணெய், பிறகு தளர்வான பின்னல். இரவில் வழுவழுப்பான ‘சற்றின்’ துணியில் தலையணை உறை. இடைநாட்களில் சீப்பே வேண்டாம். தண்ணீர் தெளித்தால் போதும்.

இப்பிள்ளைகளின் ஒரே தலையில் இரண்டு மூன்று வகை முடி இருப்பது சகஜம். பிடரியில் தளர்ந்த சுருளும் உச்சியில் இறுகிய சுருளும் இருந்தால், உச்சிக்குக் கிறீம் கூடுதலாக வேண்டும். போதாததற்கு லண்டன் தண்ணீர் கடினமானது. எவ்வளவு பூசியும் முடி மங்கி, சொரசொரத்தால் மாதமொருமுறை சுண்ணாம்புப் படிவை நீக்கும் ‘கீலேற்றிங்’ ஷாம்பூ போடுங்கள்.

பின்னல் நேர்த்தியாக இருக்கவேண்டும் என்று இறுக்குவதுதான் எமக்கு ஆகவே ஆகாதது. நெற்றியின் இரு பக்க முடியோரத்தில் சிறு பருக்கள் வந்தாலோ, பிள்ளை தலை வலிக்கிறது என்றாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். அந்த இழுவை நீடித்தால் அங்கே முடி நிரந்தரமாகவே முளைக்காமல் போகலாம்.

பாடசாலை ‘இந்தப் பின்னல் கூடாது’ என்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். வடமேற்கு லண்டன் பாடசாலை ஒன்று தலைத்தோலோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னும் ‘கோர்ன்ரோ’ பின்னலுக்கு விதித்த தடை, இன அடிப்படையிலான மறைமுகப் பாகுபாடு என்று 2011இலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழுவும் 2022இல் பாடசாலைகளுக்கு இதுபற்றி வழிகாட்டல் வெளியிட்டது. அதை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

பேன் வந்தால்? அதே முறைதான்: கொண்டிஷனர் நிறையப் பூசி, சிக்கை முழுதாக எடுத்த பிறகே பேன்சீப்பு. 1, 5, 9, 13ஆம் நாட்களில் சீவி, 17ஆம் நாள் மறுபடி பாருங்கள். மொட்டை அடிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
சிகையலங்காரம் செய்வோர் இருவர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.