மண்டபத்தில் விற்ற புட்டி: ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட்டில் நாம் கும்பிடும் கோயிலின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிறு அன்னதானம் முடிந்த கையோடு மண்டபத்தில் ஓர் ஆரோக்கியப் பேச்சு நடந்தது. பேச்சு பாதி, விற்பனை பாதி. தயிரை உறைய வைக்கும் புளிப்புக் கிருமிகள் சுரக்கும் ஒரு வகைச் சர்க்கரை புற்றுநோயைக் கரைக்குமாம். புட்டி 180 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் பழைய தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்த அக்கா ஒருவர் இரண்டு புட்டி வாங்கிவிட்டு, "தம்பி, இதைக் குடிச்சா ஈப்போவுக்கு கீமோ போடப் போக வேணாம்தானே?" என்று கேட்டார்.

பேசியவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சுலபம். கெட்டித் தயிர் சில சமயம் நூலாக இழுக்குமே, அந்த வழவழப்பு, புளிப்புக் கிருமிகளான லாக்டிக் அமில பாக்டீரியா கோத்து வெளியே விடும் சர்க்கரைச் சங்கிலிதான். அதைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளரும் புற்றணுக்கள் மேல் விட்டால் சில வகைகளின் வளர்ச்சி குறைகிறது. எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். தட்டில் ஊற்றுவது வேறு, மனுஷன் குடிப்பது வேறு.

பட்டுப்போன ரப்பர் மரத்தில் விசிறி விசிறியாக முளைக்கும் குலாட் சீசிர் காளான் உங்களுக்கும் தெரியும். மழை விட்டதும் அம்மா பறித்து வந்து தேங்காய்ப்பாலில் சமைப்பார். (இறைச்சிக்கு வழியில்லாத வாரத்தில் அதுதான் எங்களுக்குக் கறி.) அதே காளானைத் தொட்டியில் நொதிக்க வைத்து எடுத்த சிசோஃபிலான் என்ற சர்க்கரைச் சங்கிலியை ஜப்பானில் 1980களில் கருப்பைவாய்ப் புற்றுக்கு மருந்தாகவே ஏற்றார்கள். ஆனால் எப்படி? சுத்தம் செய்து, அளந்து, தசையில் ஊசியாக, கதிர்வீச்சோடு சேர்த்து. அது நோயெதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும் துணை மருந்து. அம்மாவின் குழம்பு அந்த ஊசி ஆகாது, புட்டியும் ஆகாது.

புற்றைக் குணமாக்கும் என்று மக்களிடம் விளம்பரம் செய்வதையே நம் மலேசியாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. மண்டபத்தை வாடகைக்கு விடுமுன் இதை யாராவது கேட்டிருக்கலாம்.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டின்படி, இங்கே புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான், அதாவது நோய் முற்றிய பிறகுதான், தெரிய வந்தது. சீக்கிரமே கண்டுபிடிப்பது பற்றிப் பேச அடுத்த ஞாயிறு அரசாங்கக் கிளினிக் தாதியரை அழையுங்கள். நாற்காலி போட நான் வருகிறேன்.

அப்புறம், அக்காவின் 360 வெள்ளியை அந்த ஆளிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை அவர் ஈப்போவுக்குப் போக வேண்டும்.