தோளுக்கு மிஞ்சிய பை

மதுரை
புதன்கிழமை இரவு

அன்புள்ள கோமு,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயம் இத்துடன் முடிந்தது. பொங்கலுக்கு எழுதியதற்கு இப்போதுதான் பதிலா என்று ஆரம்பிக்காதே. திட்டுவதென்றால் கடைசி வரி வரை படித்துவிட்டுத் திட்டு. போனில் பேசலாம்தான், ஆனால் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது "குக்கர் விசில்டி" என்று நீ ஓடிவிடுவாய். இதற்கு நீ உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும்.

ஊர்ச் செய்தியை முதலில் கொட்டிவிடுகிறேன். பூங்கோதை பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை சிவகாசிப் பக்கம். சங்கு அப்படியேதான் இருக்கிறாள். திருப்பரங்குன்றத்து வாழைப்பழக் கதையை இப்போது என் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், எச்.எம். என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் இல்லை.

எனக்கு வலது தோள்பட்டை போய்விட்டதடி. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை, வாடிப்பட்டி பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் கையை அப்படியும் இப்படியும் திருப்பினார். அப்புறம் நாற்காலியில் கிடந்த என் பையைப் பார்த்தார். "இதை எந்தத் தோள்ல மாட்டுவீங்க?" வலது. "எப்பவுமேவா?" எப்பவுமேதான், வேறு எங்கே மாட்ட? முந்தானை இடது தோளில் கிடக்கிறது. அதன்மேல் பையை மாட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். பின் குத்தியிருந்தால் புடவை கிழியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை சுமையும் ஒரே பக்கம். உனக்கும் அப்படித்தான் இருக்கும், யோசித்துப் பார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பழைய பேப்பர்காரர் நின்றார். சும்மா அவர் தராசில் பையை வைத்துப் பார்த்தேன். நாலு கிலோ இருநூறு. "இதையும் எடைக்குப் போட்டுறலாமாக்கா?" என்கிறார் அந்த மனுஷன்.

கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். அவருடைய மாத்திரை டப்பா, சர்க்கரை பார்க்கிற மிஷின், அவருடைய மூக்குக் கண்ணாடி. தம்பி மகனின் பைக் ஆர்.சி. நகல். ரேஷன் கார்டு, அம்மாவின் ஆதார். திருத்தாத பரீட்சைத் தாள் ஒரு கட்டு. தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, குடை. மடித்து மடித்து நைந்துபோன மீனாட்சி கோவில் குங்குமப் பொட்டலங்கள். மிக்ஸி கேஸ்கெட் ஒன்று, எந்த மிக்ஸியோ! என்னுடையது என்று எடுத்து வைத்தால் சீப்பு, பேனா, போன். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஊரார் சாமான். "உன் பைலதான வச்சேன்" என்று இந்த வீட்டில் சொல்லாத ஆள் கிடையாது.

இலக்கியாவிடம் சொன்னேன். "நான் வாங்கித் தர்றேம்மா, எது வேணும்னு நீயே பாத்துச் சொல்லு" என்று பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் போனில் கைப்பைச் சரித்திரம்தான். நான் பேசுவதைக் கேட்க இங்கே ஆளில்லை, நீ மாட்டினாய்.

பை பொம்பளைச் சாமான் என்று யார் சொன்னது? ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் ஒரு மனிதனின் உடல் கிடைத்ததே, 5,300 வருஷத்துக்கு முந்தியவன், அவன் இடுப்பு வாரிலேயே ஒரு தோல் பை இருந்தது. உள்ளே கல் கருவிகள், எலும்பு ஊசி, தீப்பற்ற வைக்கிற காளான். பார், அவன் சாமானை அவனே தூக்கியிருக்கிறான். இங்கே ஒருவர் தன் கண்ணாடியைக்கூடத் தூக்க மாட்டேன் என்கிறார்.

லண்டனில் கோர்ட்டால்ட் என்ற கலைக்கூடத்தில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பை ஒன்று இருக்கிறது, இராக்கின் மோசூலில் செய்தது. பித்தளை, அதில் தங்கமும் வெள்ளியும் இழைத்த வேலைப்பாடு. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் கைப்பைகளில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். மூடியில் ஒரு சபைக் காட்சி. சீமாட்டி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது பக்கத்திலிருக்கும் வேலைக்காரப் பையன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

ஐரோப்பாவில் பெண்கள் வெகுகாலம் பையை வெளியே காட்டவே இல்லை. பாவாடைக்குள் இடுப்பில் நாடா போட்டுக் கட்டிக்கொள்வார்கள். பாவாடையில் ஒரு பிளவு வைத்து அதற்குள் கை விட்டு எடுப்பார்கள். 1790 வாக்கில் மெல்லிய மஸ்லினில் உடம்போடு ஒட்டின கவுன் வந்தது. அந்த மஸ்லினில் நம் வங்காளத்துச் சரக்கும் உண்டு. அதற்குள் பையைக் கட்டினால் புடைத்துக்கொண்டு தெரியுமே? அதனால் பை வெளியே வந்தது, கயிறு இழுத்துச் சுருக்கும் சின்னப் பையாக. உள்ளே இருக்க வேண்டியதை வெளியே தூக்கிக்கொண்டு அலைகிறார்களே என்று ஆண்கள் கேலி செய்தார்களாம். அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் அப்பத்தாக்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை அப்படியே! வெற்றிலை பாக்கு மட்டும்தான் இல்லை.

பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் பைக்காகப் பிறந்ததே இல்லை. எர்மெஸ் 1837-ல் குதிரைச் சேணமும் வாரும் தைக்கிற கடை. கார் வந்து குதிரை போனதும், கையிலிருந்த தோல் வேலையைப் பைக்குத் திருப்பிவிட்டார்கள். லூயி வுய்ட்டன் பெட்டிக்காரர். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கத் தோதாக 1858-ல் தட்டை மூடி வைத்த டிரங்கைக் கொண்டுவந்தார். கைப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க அலுத்துப்போய், 1955 பிப்ரவரியில் கோக்கோ ஷனேல் தோளில் மாட்டச் சங்கிலி வைத்தார். கை விடுதலையாகிவிட்டது. தோள் மாட்டியது.

இப்போது கதையின் உச்சம். எர்மெஸின் பர்க்கின் பை கேள்விப்பட்டிருப்பாய். ஜேன் பர்க்கின் என்ற நடிகை, பாடகி, விமானத்தில் அந்தக் கம்பெனித் தலைவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அந்தம்மா எங்கே போனாலும் பிரம்புக் கூடைதான். சாமான் எல்லாம் சிதற, என் சாமானெல்லாம் கொள்கிற மாதிரி ஒரு பை கிடையாதா என்று பேச்சு வந்ததாம். 1984-ல் அவர் பெயரிலேயே பை வந்துவிட்டது. அவருக்கென்று செய்த முதல் பை, அடித்து உழைத்துத் தழும்பேறிய பை, 2025 ஜூலையில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. 86 லட்சம் யூரோ! நம் கணக்கில் 80 கோடிக்கு மேல். அதில் ஒரு நகவெட்டிகூடத் தொங்கிக்கொண்டிருக்கிறது, சங்கு சாவிக்கொத்தில் தொங்குமே அந்த மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்தது விலையை அல்ல. பர்க்கின் பையில் கண்டதையும் அடைத்துத் தூக்கித் தூக்கி, தசைநாண் வீங்கித் தோள் வலி வந்ததென்று அந்தம்மாவே சொல்லியிருக்கிறார். 80 கோடிப் பைக்கும் என் ரெக்சின் பைக்கும் வியாதி ஒன்றுதான்! இதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமென்று இருக்கிறேன்.

சிரித்தது போதும், ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். அம்மாவைப் பற்றி.

அம்மா சுருக்குப்பையை ஒளித்து வைக்க ஆரம்பித்திருக்கிறாள். உனக்கு அந்தப் பை தெரியும், அரக்குச் சுங்குடியில் கிழித்துத் தைத்தது. கயிறு சுண்ணாம்பும் எண்ணெயும் ஏறி வார் மாதிரி விறைத்துக் கிடக்கும். தலையணை உறைக்குள், அரிசி டிரம்முக்குள், ஒரு நாள் துளசி மாடத்துக்குப் பின்னால். ஒளித்த இடம் அவளுக்கு மறந்துபோகிறது. மறந்ததும், எடுத்துவிட்டார்கள் என்கிறாள். போன வாரம் செல்வியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக இந்த வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவள், அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்று அழுதாள். அம்மா அசையவில்லை. "எண்ணி வைடி" என்று கை நீட்டினாள்.

பையில் என்ன இருக்கிறதென்று நினைக்கிறாய்? நாலணாக் காசுகள். 2011-லேயே செல்லாமல் போனவை. எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. மீட்டு முடித்த ஒரு நகையின் அடகுச் சீட்டு. அப்பா சம்பளம் முழுக்கத் தாத்தா கையில் கொடுத்துவிடுவார், தெரியுமல்லவா? அம்மா கணக்குச் சொல்லாமல் செலவு செய்த காசு என்றால் அந்தப் பையில் இருந்தது மட்டும்தான். அதனால் அதை அவள் கையிலிருந்து வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டு என்று தம்பி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. செல்வியை இழக்கவும் மனசில்லை. உன் மாமியாருக்கும் இப்படித்தானே தொடங்கியது? அப்போது நீ என்ன செய்தாய், எந்த டாக்டரிடம் காட்டினாய், விவரமாக எழுது. அதே மாதிரி இன்னொரு பை தைத்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். ஏமாற்றுவது போலிருக்கிறது. ஆனாலும்.

சரி, பைக்கு வருவோம். விளக்குத்தூண், டவுன் ஹால் ரோடு எல்லாம் சங்குவோடு சுற்றினேன். எல்லாக் கடையிலும் "ப்யூர் லெதர்க்கா"தான். நீ ஓரத்தைப் பார். வெட்டின விளிம்பில் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணிமேல் ஒரு படலம் தெரிந்தால் ரெக்சின், இல்லையென்றால் பி.யூ. என்கிற பாலியூரித்தேன். விளிம்பு முழுக்கப் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் உள் மடிப்பில் தேடு. பி.யூ. பையை வருஷத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு மட்டும் எடுத்தாலும் தோல் உரிந்து போகிறதே, ஏன் தெரியுமா? மேல் பூச்சு காற்றில் இருக்கிற ஈரம் பட்டே மெல்லச் சிதைகிறது. பீரோவில் பொத்திப் பொத்தி வைத்து லாபமில்லை. பூச்சுக்கு வயசாகிவிடும்.

தோல் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது என் பழைய மாணவன் ஒருவன், திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், இருக்கிறான். குரோமிய உப்பில் பதப்படுத்தினால் சீக்கிரம் ஆகிவிடும், மெத்தென்று இருக்கும். ஆனால் கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் விட்டால் நிலமும் கிணறும் பாழ். பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்துவது வாரக்கணக்கு வேலை. முன்பு நம் ஆவாரம்பட்டை, கடைசியில் கடுக்காய். அந்தப் பழுப்புத் தோல்தான் ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று இங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. இப்போது ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் பட்டைச் சாறு. கொடைக்கானலில் பார்ப்போமே, அந்த மரம்தான். "புதுசுல வெறப்பா இருக்கும் மிஸ், பழகப் பழக நெறம் ஏறும், மழைல மட்டும் நனைக்காதீங்க" என்றான்.

தோலோ துணியோ, கைப்பிடி பையோடு சேரும் இடத்தைப் பார், அங்கேதான் முதலில் அறும். பெட்டித் தையல் போட்டு அதற்குள் குறுக்குத் தையலும் இருக்க வேண்டும். கைப்பிடி கோத்த வளையத்தை விரலால் நெருடு. இடைவெளி தட்டுப்பட்டால் பாரம் தாங்காமல் வாய் பிளக்கும். ஜிப்பைக் கடையிலேயே பத்துத் தடவை இழு, மூலையில் திரும்பும் இடத்தில் சிக்கினால் வைத்துவிட்டு வா. காந்தப் பட்டன் பை அழகாக இருக்கும், பெரியார் பஸ் நிலையக் கூட்டத்துக்கு ஆகாது. உள்துணி கறுப்பு வேண்டவே வேண்டாம், சாவி தேடியே ஆயுசு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், காலிப் பையைத் தூக்கிப் பார். காலியாக இருக்கும்போதே கனத்தால் அது உனக்கில்லை. சங்கு ஒரு தங்கச் சங்கிலி வைத்த பையைக் கட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். அவளே தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

கடைசியில் எதையும் வாங்கவில்லை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல்காரர் ஒருவரிடம் கெட்டிக் கேன்வாஸில் தைக்கக் கொடுத்துவிட்டேன். அகலப் பட்டை, நீளம் கூட்டிக் குறைக்கலாம், உள்ளே வெளிர்மஞ்சள் துணி. அளவு வேண்டுமென்றே சின்னது. இதில் குடையும் டப்பாவும் கொள்ளாதே என்றார். கொள்ளக் கூடாது என்றுதான் தைக்கிறேன் என்றேன்.

டப்பாவும் தாளும் தனியாக ஒரு மஞ்சப்பையில், இடது கையில். வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று கொடுத்தாயிற்று, மாத்திரை மிஷின் கண்ணாடி எல்லாம் அதில். "இதைத் தூக்கிட்டு நான் எப்படி வெளிய போறது?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மாத்திரையைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். தோள் கொஞ்சம் தேவலை. டாக்டர் சொன்ன பயிற்சியைத்தான் ஒழுங்காகச் செய்வதில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவாயா மாட்டாயா, அதை முதலில் எழுது. அழகர் எதிர்சேவைக்கு மொட்டை மாடி தயார். அம்மா விஷயத்தை மறக்காதே, இங்கே யாரிடமும் சொல்லவும் வேண்டாம். உனக்கும் ஒரு பை தைக்கச் சொல்லவா? நிறத்தைச் சொல். பச்சை மட்டும் கேட்காதே, அதைச் சங்கு பிடித்துவிட்டாள்.

அன்புடன்,
ராஜி