வேடியப்பன் கல்லைத் தூக்கி நிறுத்த உங்கள் பங்கு வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னை, பெங்களூர், வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

மந்தையில் பால் சொசைட்டிக்கு எதிரே நிற்கும் வேடியப்பன் கல் உங்களுக்கு மறந்திருக்காது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அது நெஞ்சுயரம். இப்போது முழங்காலுக்குச் சற்று மேலே. கல் சிறுத்துவிடவில்லை. தார் போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. போன ஆடியில் கரும்பு டிராக்டர் இடித்ததில் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் விட்டது.

அது சாமி மட்டுமல்ல, நடுகல்; சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய உண்டு. எடுத்தனூரில், மாடு பிடிக்க வந்த கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்துக் கல் வைத்திருக்கிறார்கள். நம் கல்லிலும் இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்பு. பக்கத்தில் வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து. படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து விரலால் தடவிப் பார்த்தார். 'தொறு' என்ற சொல் வரை வந்து நிறுத்திவிட்டார். தொறு என்றால் மாட்டு மந்தை. அதை மீட்டுச் செத்தவன் பெயர் அதற்குக் கீழேதான் வரும் என்றார். அது தாருக்கு அடியில் இருக்கிறது.

கல்லை வெளியே எடுத்து, அதே இடத்தில் கருங்கல் மேடை கட்டி நிறுத்தி, மழைநீர் வடிய வழி செய்ய 1,20,000 ரூபாய். திருவிழாவுக்கு நாமே பூசிய வெள்ளி பெயின்டை எடுக்கவும், எழுத்தை மைப்படி (காகிதத்தை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்கவும் 40,000. (கம்பி பிரஷ் போட்டால் எழுத்தும் போய்விடும். பழகிய கைதான் வேண்டும்.) வண்டி மோதாமல் சுற்றிலும் தடுப்புக் கல் நட 25,000. ஆக மொத்தம் 1,85,000. கையில் சேர்ந்தது 62,500.

டைல்ஸ் ஒட்டி, கிரில் வைத்து, கான்கிரீட் மண்டபம் கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். குழு ஒப்பவில்லை. வெயிலும் மழையும் இத்தனை காலம் செய்யாத கெடுதலை சிமென்ட் செய்துவிடும். தொல்லியல் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். அனுமதி வராமல் கல்லில் கை வைக்க மாட்டோம்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. பணம் தலைவர், பொருளாளர் இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடிகிற கூட்டுக் கணக்கில் இருக்கிறது. வரவு செலவு மாதாமாதம் சொசைட்டிச் சுவரில் ஒட்டப்படும். கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் பொறிக்க மாட்டோம். முதலில் அவன் பெயர் வெளியே வரட்டும்.

பணம் முடியாதவர்கள் ஒரு நாள் ஆள் வேலை தந்தாலும் போதும். மண்வெட்டி மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
நடுகல் மேடைக் குழுவினர்